முத்துவிசையில் உபயம் என்று என் பெயர் வந்த விதம்

பெயர் கந்தையா தருமராசா. வயது அறுபத்திரண்டு. வதிவிடம் நியூ சவுத் வேல்ஸ், கிரவீன். தொழில் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. எங்கள் பகுதித் தமிழ் மூத்தோர் வட்டத்தின் செயலாளராகவும் இருக்கிறேன். மெரிலேண்ட்ஸ் பொலிஸ் நிலையத்தில் நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் விக்னராஜா இதை எழுதுகிறார்.

நான் யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தேன். கணினியை எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை, பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டது. சிட்னியின் மேற்கில் எந்தத் தமிழர் வீட்டில் கணினி மக்கர் பண்ணினாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். இதையும் எழுத வேண்டுமா என்று விக்னராஜா கேட்டார். எழுதும்படி சொன்னேன்.

எங்கள் வட்டத்து உறுப்பினர் செல்வமலரின் மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்து, அவருடைய பெயரில் ஊர் முழுவதற்கும் கேவலமான கடிதங்கள் அனுப்பியதாக அவர் முறைப்பாடு செய்திருக்கிறார். பொலிசார் அவருடைய கணினியைச் சோதித்தபோது, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் 'முத்துவிசை' என்ற உலாவி நீட்சி யாரோ கைவைத்து மாற்றிய நிலையில் இருந்திருக்கிறது. அதன் விவரப் பகுதியில் 'உபயம்: க. தருமராசா, கிரவீன்' என்றும் அதே வரியில் என் தொலைபேசி இலக்கமும் இருந்தன. களவெடுக்க வந்தவர் தன் இலக்கத்தை விட்டுப் போனதைத் தான் இதுவரை கண்டதில்லை என்று விசாரிக்கும் அதிகாரி அம்மையார் சொன்னார். நீட்சியை மாற்றியது யார் என்று தொலைபேசியில் கேட்டபோது, நான்தான் என்று உடனே சொன்னேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் சஜிதா. அவர் என் வீட்டுப் பின்வளவில் உள்ள கிரானி ஃபிளாட் என்ற சிறு வீட்டில் குடியிருப்பவர், மென்பொருள் பரிசோதகர். சிறு பிள்ளையாகப் படகில் வந்தவர். தற்காலிக விசாவிலேயே வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டார். இப்போதுதான் நிரந்தர விசா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பொலிஸ் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் அவருடைய பெயர் ஒரு விசாரணையில் அடிபட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் சனத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடந்த மாதம் ஒரு ஞாயிறு மதியம் நான் குசினி மேசையில் இருந்தபடி முத்துவிசையில் மரண அறிவித்தல் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவுஸ்திரேலியாவில் வெளிவரும் தமிழ் மரண அறிவித்தல்களில் பாதி என் விரலால் போனவை. சஜிதா மீன் குழம்பு கொண்டுவந்தார். குழம்பை வைத்தவர் என் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"அங்கிள், இந்தச் சாமான் உங்கட எல்லாப் பக்கத்தையும் வாசிக்கலாம் எண்டு கிடக்கு. ஆர் விட்டது?"

"அது போன கிழமை கேட்டது. ஓம் எண்டு அமத்தினனான். கேட்டால் குடுக்கிறதுதானே மரியாதை."

அதன் பிறகு அவர் என்னைத் தள்ளி இருக்கச் சொல்லி, திரையின் கீழ்ப்பாதியில் வேறொரு பகுதியைத் திறந்துவிட்டு, எதையாவது அடிக்கும்படி சொன்னார். நான் 'ஆழ்ந்த இரங்கல்' என்று அடிக்கத் தொடங்கினேன். 'ஆ' அடித்தேன், கீழே ஒரு வரி விழுந்தது. 'ழ்' அடித்தேன், இன்னொரு வரி விழுந்தது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது.

"இது எங்க போகுது பிள்ளை?"

"தெரியாத ஆக்களிட்ட, அங்கிள்."

என் கை தானாக விசைப்பலகையை விட்டு எழும்பியது.

அதன் பிறகு அந்த நீட்சி கணினிக்குள் எங்கே கிடக்கிறது என்று தேடிப் பிடித்து, அதை ஒரு பொதியைப் போலப் பிரித்தார். நான் வாழ்நாளில் எத்தனையோ கொள்கலன்களின் கதவு திறக்கும்போது முன்னால் நின்றவன். வெளியே ஒரு துண்டு ஒட்டியிருக்கும், உள்ளே கூரைவரை சரக்கு நிற்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது. திரையின் மூலையில் நகத்தளவு படமாக நின்ற ஒன்றுக்குள் வரிவரியாக எழுத்து. இறக்க இறக்க முடியவில்லை. அவுஸ்திரேலியாவில் உள்ள எல்லா ஊர்ச் சங்கங்களின் சட்டவிதி யாப்பையும் ஒன்றாகத் தைத்தாலும் அந்த நீளம் வராது.

எல்லாம் ஆங்கிலமும் குறிகளுமாகப் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் தமிழ் வந்தது. 'ஔ யாரும் அடிப்பதில்லை. ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது' என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னும் கீழே, 'ஃ சரிவரவில்லை, நாளைக்குப் பார்க்க வேண்டும்' என்று இருந்தது. இந்த வரிகளை இயந்திரம் வாசிக்காது, பின்னால் வந்து திறந்து பார்க்கும் மனிதருக்காக எழுதுவது என்று சஜிதா விளக்கினார். முகம் தெரியாத ஒருவர், இயந்திரம் வாசிக்காது என்று தெரிந்தும், வரப்போகும் ஆளுக்காக எழுதி வைத்திருந்ததைப் பார்த்து நான் கதிரையை முன்னுக்கு இழுத்து இருந்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பகிரலாம் என்றும் அவரே எழுதி வைத்திருந்தார். அவரிடமிருந்து வேறு யாரோ நீட்சியை வாங்கிய பிறகுதான் களவு வரிகள் புகுந்திருக்கின்றன என்று சஜிதா சொன்னார். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை.

அதன் பிறகு களவு வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். ஒன்றை எடுத்தால் கணினி வேறொரு இடத்தில் சிவப்பு எழுத்தில் கோபித்துக்கொண்டது, அந்த வரியையும் எடுத்தார். எல்லாம் முடிந்து உலாவியில் ஏற்றிவிட்டு என்னை அடிக்கச் சொன்னார். அடித்தேன். மேலே தமிழ் வந்தது. கீழே ஒரு வரியும் விழவில்லை. குழம்பு ஆறிப் போயிருந்தது. இருவரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு இதில் என் பெயர் எங்கே போடுவது என்று கேட்டேன். கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் வாங்கிக் கொடுத்தாலும் அதில் உபயகாரர் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம்.

"நீங்கள் என்ன உபயம் செய்தனீங்கள் அங்கிள்?"

"மேசை ஆரின்ர? கரண்ட் ஆரின்ர?"

அவர் சிரித்துவிட்டு இடத்தைக் காட்டினார். நான் என் கையால் அடித்தேன். அவருடைய பெயரையும் போடச் சொன்னேன். "என்ர பெயர் ஒரு இடத்திலயும் வேண்டாம். முதல்ல பிஆர் விசா வரட்டும்," என்றார்.

அதன் பிறகு வட்டத்தினர் எல்லோருடைய கணினியிலும், செல்வமலருடையதிலும், பழையதை நீக்கி இதை ஏற்றினேன். இது என் தயாரிப்பு என்றும், இதற்காக அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது என்றும் சொன்னேன். அழைப்பு வந்தது உண்மை. பேசியது என் மைத்துனர்.

இன்று இந்த அறையில் அதிகாரி அம்மையார் ஒரு மடிக்கணினியை என் முன் வைத்து, எதை நீக்கினேன் என்று காட்டச் சொன்னார். விசைப்பலகை எனக்குப் பழக்கமான வகை இல்லை என்றேன். அவர் காத்திருந்தார். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். கண்ணாடி என் முகத்தில் இருந்தது. என்னைக் காரில் கொண்டுவந்த சஜிதாவை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, நீ போ. இது என்ர கேஸ்."

"நீங்கள் செய்தது எண்டு சொன்னால் இவை ஒரு நாளும் நம்பமாட்டினம். தள்ளி இருங்கோ அங்கிள்."

அவர் அதிகாரியிடம் தன் பெயரைச் சொன்னார். கேட்காமலே விசாவின் நிலையையும் சொன்னார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். தான் எடுத்து வைத்திருந்த பழைய நீட்சியையும் மாற்றிய நீட்சியையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார். நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்த வரிகள் பச்சையிலும் தெரிந்தன. அதிகாரி கீழே இறக்கிக்கொண்டே போனார். சிவப்பு, மறுபடி சிவப்பு. முழுவதிலும் ஒரேயொரு பச்சை வரி இருந்தது. அது என் உபயம். இது என்ன என்று அதிகாரி கேட்டார். விக்னராஜா ஆங்கிலத்தில் சொல்லத் திணறி, கடைசியில் ரியூப் லைற் கதையைச் சொன்னார். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தவர், செல்வமலரின் கடவுச்சொல் உட்படக் களவு போன எழுத்துகள் போய்ச் சேர்ந்த முகவரி அந்தச் சிவப்பு வரிகளுக்குள்தான் இருக்கிறது என்றும், தங்களுக்கு வேண்டியது அதுவே என்றும் சொன்னார். விசாவைப் பற்றித் தான் வாக்குக் கொடுக்க முடியாது என்றும், ஆனால் சஜிதா சந்தேக நபர் இல்லை, சாட்சி என்றே பதிவாகும் என்றும் சொன்னார். சஜிதா அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். தருவதாக அதிகாரி சொன்னார். அதன் பிறகே சஜிதா கதிரையில் அமர்ந்தார். இப்போது பக்கத்து அறையில் தன் வாக்குமூலத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 'நான் பிரித்தேன், நான் நீக்கினேன்' என்று முதலில் சொல்லி எழுதுவித்த இடங்களை எல்லாம் வெட்டி, சஜிதா செய்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மாற்றச் சொன்னேன். மிகவும் கிட்ட இருந்து பார்த்தேன் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். மற்றப்படி இதில் உள்ளது அனைத்தும் நான் கண்ணால் கண்டது, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது என ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. தருமராசா