இத்தாலி பஸ்தா கிடைக்கும்

டீயில் சர்க்கரை வேண்டாம், டின்சி மேடம். இனிப்பு விற்கிறவனுக்கு இனிப்பு இறங்காது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான்.

நீங்கள் குமுளி ஸ்டேஷனுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதனால் முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

என் தாத்தா நல்லமுத்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர். இத்தாலியப் பாதிரியார் ஒருவர் அவரைத் தன் பங்களாவில் சமையலுக்கு வைத்துக்கொண்டார். மாவை அடுக்கடுக்காக மடித்து, குழலாகச் சுருட்டிச் சுட்டு, உள்ளே கிரீம் அடைக்கும் பலகாரத்தைச் சொல்லிக்கொடுத்தார். தாத்தா கிரீமை அடைக்க அடைக்க, பாதிரியார் கையைத் தூக்கி "பஸ்தா, பஸ்தா" என்பாராம். பலகாரத்தின் பெயர் அதுதான் என்று தாத்தா நினைத்துக்கொண்டார். பாதிரியார் ஊருக்குப் போன பிறகு குமுளியில் கடை போட்டு, 'இத்தாலி பஸ்தா கிடைக்கும்' என்று போர்டு எழுதினார். அப்பா பழனிச்சாமி கிரீமில் ஏலக்காய் சேர்த்தார். கம்பத்திலிருந்து மலையேறி வருகிறவர்கள் கல்யாணத்துக்குக்கூட பஸ்தா வாங்கிப் போனார்கள்.

அப்பாவுக்குப் பின் அண்ணன் முனீஸ்வரன் கல்லாவில் உட்கார்ந்தார். நான் போர்மாவில் நின்றேன். போர்மா என்றால் உங்களுக்குத் தெரியும், விறகு எரிக்கிற செங்கல் அடுப்பு. எனக்குக் கல்யாணம் தங்கவில்லை. முருகேஸ்வரி ஒரு வருஷத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மாவு வாடை தாங்கவில்லை என்றாள். நான் வருத்தப்படவில்லை. போர்மா அறைக்கு மேலே ஒரு பரண் உண்டு. அதில்தான் என் பாய்.

அண்ணன் மகள் இந்து இத்தாலிக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு பலகாரக் கடையில் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் திரும்பினாள். நல்ல பிள்ளை. வந்த அன்றே போர்டைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சித்தப்பா, பஸ்தான்னா பலகாரம் இல்ல. 'போதும்'னு அர்த்தம். கிரீமை நிறுத்துய்யான்னு அந்தச் சாமியார் கத்திருக்காரு. உங்க தாத்தா அதையே போர்டுல எழுதிட்டாரு!"

அண்ணன் கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளே கம்பம் பஸ் கண்டக்டர் அருள்குமார் வந்து, "அண்ணே, ரெண்டு போதும் குடுங்க. போதாட்டி இன்னும் ரெண்டு போதும் வாங்கிக்கிறேன்" என்றான். ஊரில் 'போதும் கடை' என்று பெயர் விழுந்தது. வியாபாரம் கூடியது. அதனால் கடைக்கு நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு போர்டு மாறியது. பலகாரத்துக்கு அவள் 'கன்னோன்சீனி' என்று சரியான பெயரை எழுதினாள். கரண்ட் அடுப்பு வந்து இறங்கியது. போர்மாவை இடிக்க ஆள் சொன்னார்கள்.

நான் அண்ணனிடம் கேட்டேன். ஒரு தடவை அல்ல. கடைசித் தடவை காலைப் பிடித்தே கேட்டேன். "கூட்டிப் பெருக்கவாவது வச்சுக்கண்ணே, அடுப்பை மட்டும் இடிக்காத" என்றேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, "ஏண்டா இப்படிக் கெடந்து சாகுற? இம்புட்டு வருசம் வெந்தது போதும்டா தம்பி" என்றார். அந்தச் சொல்லைத்தான் சொன்னார். வேறு சொல் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்துவிடமும் கேட்டேன். "நீங்க தொப்பி போட்டுட்டு முன்னாடி உக்காருங்க சித்தப்பா. டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுத்துக்குவாங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

இடிக்கிறதற்கு முந்தின நாள் கடைசி முறையாகச் சுட்டேன். மத்தியானம் நல்ல மழை. அண்ணனுக்கு முழங்கால் வலி. "இன்னைக்கு ஒரு நாள் அந்தச் சூட்டுல படுத்துக்கிறேன்டா" என்று போர்மா அறையில் மைதாச் சாக்குகளின் மேல் சாய்ந்தார். சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தினேன்.

புகைக்கூண்டில் ஓர் இரும்புப் பலகை உண்டு. சங்கிலியை இழுத்தால் கூண்டை அடைத்துக்கொள்ளும். கங்கு சாம்பலான பிறகுதான் அதை இறக்க வேண்டும். சிவப்பாக இருக்கும்போது இறக்கினால் நச்சுக்காற்று அறைக்குள் திரும்பும். அதற்கு வாடை கிடையாது, கண்ணும் எரியாது. போர்மாக்காரனைத் தவிர யாரும் சங்கிலியைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கங்கு சிவப்பாக இருந்தது. நான் இறக்கினேன். அண்ணனின் கால் பக்கம் சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டு, முன்னால் வந்து குழல்களுக்குக் கிரீம் அடைக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இந்து டீ டம்ளரோடு வந்தாள். "அப்பா எங்க சித்தப்பா?" என்றாள். உள்ளே படுத்திருக்கிறார் என்றேன். அவளை நிறுத்த ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும். "சாரல் அடிக்கும்மா, கதவை நல்லாச் சாத்திக்க" என்றேன். மழைக்காலத்தில் அந்தக் கதவு ஊதிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க, தூக்கி இழுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்த பிள்ளைக்கு அது மறந்திருக்கும்.

உள்ளேயிருந்து ரெண்டு தடவை தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை கம்பம் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அருள்குமார் வந்தான். அவனுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கேலி செய்தான். பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். ட்ரே நிறைந்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினீர்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பதினாறாம் நாள் காரியத்தில் ஊரே ஒரே பேச்சாகப் பேசியது. வெளிநாட்டிலிருந்து வந்த பெண் விவரம் தெரியாமல் சங்கிலியை இழுத்து, அப்பனையும் கொன்று தானும் செத்தாள் என்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறதாம்.

செத்துப்போன பிள்ளையின் பெயர் கெடக்கூடாது என்றுதான் இந்த மழையில் நடந்து வந்தேன். அதைத் திருத்தி எழுதுங்கள். துருப்பிடித்த பலகை அது, மேடம். பாதியில் சிக்கிக்கொள்ளும். சத்தம் வராமல், தூங்குகிறவர் எழுந்திருக்காமல், ஒரே இழுப்பில் முழுசாக இறக்குவதற்குக் கைப்பக்குவம் வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு வேலை தெரியாது.