பெயரில் ஓடும் கார்

மலேசியாவின் புக்கிட் பெருந்துங் பேரங்காடியில் பணம் கட்டும் வரிசையில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்றார்கள். அக்காளின் கூடையில் அரிசி, எண்ணெய், முட்டை.

"சாப்பாட்டுச் சாமானுக்கு அரசாங்கம் குடுக்குற டுயிட், அந்தக் காசு, ஐசி அடையாள கார்டுல வந்திருக்குமே, அத நீட்டுக்கா," என்றாள் தங்கை.

"எனக்குக் கெடையாதாம். நான் பணக்காரியாம்லா."

தங்கை சிரித்தாள். அக்காள் சிரிக்கவில்லை.

"மொதலாளி வீட்டுல கூட்டிப் பெருக்குறப்ப ஐசி கேட்டாங்க, குடுத்தேன். கையெழுத்தும் போடச் சொன்னாங்க. இப்ப என் பேருல பெரிய காடி ஒண்ணு, அவங்க வாங்குன காரு, ஓடுதாம். கார் வச்சிருக்கவளுக்கு உதவி கெடையாதுன்னு சொல்லிட்டாங்க."

"போலீஸ்ல சொல்லுக்கா!"

"மெதுவா பேசு. நாங்க குடியிருக்குற லயத்து வீடும் அவங்களோடதுதான். தொரத்திட்டா புள்ளைங்களோட எங்க போவேன்? அந்தக் காடி நாளைக்கு யாரையாவது மோதினாலும் என்னயத்தானே புடிப்பாங்க?"

கையிலிருந்த காசை எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணெயையும் முட்டையையும் அக்காள் எடுத்து ஓரமாக வைத்தாள். அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இவங்க எப்பலேருந்து நிக்கிறாங்க?" என்று தங்கையிடம் முணுமுணுத்தாள். "மொதலாளி வீட்டுக்குத் தெரிஞ்சவங்களா இருக்குமோ?"

அரிசியையும் அங்கேயே விட்டுவிட்டு இருவரும் வேகமாக வெளியே போய்விட்டார்கள்.