சவரியம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எந்தப் படத்தைக் கொடுப்பது என்று உயிரோடு இருக்கும்போது யாரும் யோசிப்பதில்லை, சார். அதனால்தான் நம் ஊரில் பாதிப் பேர் ஆதார் கார்டு முகத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் தங்கை சவரியம்மாளை நான் அப்படி விடவில்லை. மாதா கோயில் திருவிழாவில் நீலப் புடவையில் சிரித்த படம் ஒன்று இருந்தது. அதைத்தான் கொடுத்தேன்.

அன்று அவள் உயிரோடுதான் இருந்தாள். பண்ருட்டி வீட்டில் பலாக்கொட்டைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டை எடுத்துக் கொடுத்தவர் அன்பரசு. நாடாளுமன்றத் தேர்தலில் சிதம்பரம் தொகுதிக்கு நின்றாரே, அவரேதான். மேடைக்கு மேடை மனைவியோடு ஏறி, குடும்பம் ஒரு கோயில் என்று பேசுவார். இருட்டிய பிறகு என் தங்கை வீட்டுக்கு வருவார். என்னை மச்சான் என்பார். நானோ எதிர் வேட்பாளர் செந்தமிழ்செல்வன் அண்ணனுக்குத் தேர்தல் வேலை பார்த்தவன். கட்சி வேறு, உறவு வேறு என்று இருவரும் நாகரிகமாகத்தான் இருந்தோம்.

பிரச்சாரம் சூடு பிடித்தபோது அண்ணன் கேட்டார். "ஏன் ராபர்ட்டு, அவன் யோக்கியதைய ஊருக்குக் காட்ட வழியே இல்லியா? ஜெயிச்சா ஒன்றியச் செயலாளர் நீதான்."

பதவிக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், சார். ஒரு தடவையாவது அந்த மனிதர் பட்டப்பகலில் வாசல் வழியாக வரவேண்டும் என்று இத்தனை வருஷமாக ஏங்கியவள் என் தங்கை. கூடப்பிறந்தவன் அதைக்கூடச் செய்யாமல் இருக்கலாமா?

கீரப்பாளையம் எங்கள் சொந்த ஊர். அவருடைய ஜீப் போகிற சாலை நெடுக போஸ்டர் ஒட்டினேன். மேலே சிலுவை, கீழே 'இறைவனில் இளைப்பாறினார்'. வெறும் படத்தை யாரும் நம்பமாட்டார்கள். அதனால் 'துயரத்தில் வாடும் அண்ணன்' என்று என் பெயரையே போட்டேன். ரிப்பேர் பார்த்துத் தருவதாக அவள் போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் எனக்குத்தான் கூப்பிட்டார். "மச்சான், நெஜமா?"

"சீக்கிரம் வாங்க மச்சான்" என்றேன். பார்த்தீர்களா, வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பிரச்சார ஜீப்பிலிருந்து குதித்து, கட்சித் துண்டோடு காரேறிப் பட்டப்பகலில் பண்ருட்டி வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் விழுந்து "சவரி, சவரி" என்று கதறினார். அவள் கையில் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து எங்கள் கேமராக்காரர் அத்தனையும் எடுத்து என் போனுக்கு அனுப்பினார்.

அவர் போன பிறகு வீடியோ விஷயம் புரிந்து, அவள் என் காலைப் பிடித்தாள். "வேணாண்ணே. அவுங்க பொண்டாட்டி புள்ளைங்க என்னா பண்ணுவாங்க? நான் எப்புடிண்ணே தெருவுல நடப்பேன்? செத்துருவேண்ணே."

"போஸ்டர்தான் ஏற்கெனவே ஒட்டியாச்சே" என்று தமாஷாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வீடியோவைக் கட்சி குரூப்பில் போட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் கடலூர் வரைக்கும் ஓடியது. அன்பரசு மனைவியோடு மேடையேறி, அது அந்தப் பொம்பளை விரித்த வலை என்றார். அந்தப் பேச்சையும் அவள் கேட்டிருக்கிறாள். போனைத்தான் நான் திருப்பிக் கொடுத்திருந்தேனே. மறுநாள் கதவை உடைத்துத்தான் உள்ளே போகவேண்டியிருந்தது.

மறுபடியும் போஸ்டர் அடித்தேன். ஜனங்கள் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னா ராபர்ட்டு, இந்த வாட்டி எந்த வேட்பாளரு வராரு?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அன்பரசுவைக் கூப்பிட்டேன். "ஒரு வாட்டி ஏமாந்தது போதும்டா" என்று வைத்துவிட்டார். பெட்டியைத் தூக்க நாலு பேர் சேரவில்லை. கூலிக்கு ஆள் பிடித்தேன்.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருத்தி செத்துக் கிடக்கும்போது எட்டிக்கூடப் பார்க்காத இந்த ஜனங்களுக்கு மனசாட்சி என்ற ஒன்று கிடையாதா? அதையும் கொஞ்சம் விசாரியுங்கள், சார்.