சான்றிதழ் வேய்ந்த கூரை

இந்த மேடையில் ஆடாத ஒரே நாற்காலியில் அமர்ந்து தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் டொமினடோர் அவர்களே, விருது வழங்க நகரிலிருந்து வந்து, வெயிலைப் பொருட்படுத்தாமல் மின்விசிறிக்கு நேராக வீற்றிருக்கும் மேயரின் துணைவியார் ஃபெலிசிடாட் அம்மையார் அவர்களே, எந்தப் புயலுக்கும் தலை சாயாமல் என் பேச்சுக்கு மட்டும் சாய்கிற பெரியோர்களே, பன்றி வறுவல் ஆறுவதற்குள் இவன் முடிப்பானா என்று பார்க்கும் தாய்மார்களே, நம் சான் எலாடியோ ஊர் பெற்ற செல்வங்களே, அனைவருக்கும் என் அந்திநேர வணக்கம்.

‘அசையா மனவுறுதி கொண்ட ஊர்’. இதுதான் இன்று நமக்குக் கிடைக்கும் விருது. கண்ணாடிச் சட்டம் போட்டது. போன நவம்பர் புயலில் அசையாதது எது என்று எண்ணிப் பார்க்கிறேன். கூரை அசைந்தது. கூரையைத் தாங்கிய சுவர் அசைந்தது. என் மாமியாரே அசைந்தார். நான் மட்டும் மாதா கோயில் பீடத்துக்கு அடியில் அசையாமல் கிடந்தேன். பாதிரியார் எனக்கு முன்பே அங்கு வந்துவிட்டதால் அசைய இடமில்லை.

அந்த வீரத்தைப் பாராட்டித்தான் நகராட்சி எனக்கு வேலை கொடுத்தது. இருபது ஆண்டு சேவற்கட்டுக் களத்தில் ஒலிபெருக்கி பிடித்தவன் நான். சேவலுக்கு ஊக்கம் ஊட்டியவன் மனிதருக்கு ஊட்டமாட்டானா என்று, மனவுறுதிப் பயிலரங்கம் நடத்த அனுப்பினார்கள். வீடிழந்தவர்களுக்கு வீடில்லை, வலையிழந்தவர்களுக்கு வலையில்லை, ஆளுக்கொரு ரொட்டியும் நானும் இருந்தோம்.

“கண்ணை மூடுங்கள். உங்களுக்குள் ஒரு மூங்கில் இருக்கிறது. வளையும், ஒடியாது” என்றேன். கள்ளிறக்கும் பொன்சோ கையைத் தூக்கினார்.

“ஏங்க ரெஸ்டி, உள்ள இருக்கற மூங்கில வெளிய எடுக்க முடியுமா? என் கூரைக்கு நாலு கொறையுது.”

அதோ பின்வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான். சிரியுங்கள் பொன்சோ, உங்கள் கதை இன்னும் வரவில்லை.

முடிவில் ஆளுக்கொரு சான்றிதழ். ‘உள்ளத்தில் உறுதி உடையவர்’ என்று பெயர் போட்டு, லேமினேட் செய்து, முந்நூற்றுப் பதினாறு பேருக்குக் கொடுத்தேன். நம் பாலர் பள்ளி சியா டீச்சர் அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்தார்.

“இது நனையாதுல்ல?”

“காலத்துக்கும் நிக்கும் டீச்சர்.”

“அப்ப வேற யாரெல்லாம் வாங்கினாங்கன்னு பட்டியல் குடுங்க.”

பள்ளிக்குக் கூரை இல்லை. ஜனவரிக்குள் கூரை போடாவிட்டால் பள்ளியை மூடி, பிள்ளைகளை அக்கரைக்கு மாற்றுவதாகக் கடிதம் வந்திருந்தது. நானோ அறிவாளி. “மணிலாவில உங்க தங்கச்சி வீடு இருக்குல்ல, போய் நிம்மதியா இருக்கலாமே” என்றேன்.

“நான் போயிடுவேன். இதுங்க தெனமும் ஆத்தத் தாண்டணும். அஞ்சு வயசு. ஆறாவது வயச உயிரோட பாக்குமா ரெஸ்டி?”

மூன்று நாள் நான் கத்திச் சொன்னதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். ரொட்டியும் மிச்சம்.

வீடு வீடாகப் போனார். ஒருவர் விடாமல் சான்றிதழைக் கழற்றிக் கொடுத்தார்கள். தூண்டில் நரம்பால் தைத்து, மீன் செதில் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பின்பாதிக்கு அது. முன்பாதிக்கு, நமக்கு ஆறுதல் சொல்லி மேயர் தன் படம் போட்டு வைத்த பெரிய தார்ப்பாய்ப் பதாகை. பதவியேற்ற நாளிலிருந்து மேயர் ஓர் ஊருக்கு நிழல் கொடுத்தது அன்றுதான். மன்னிக்க வேண்டும் அம்மா, பாராட்டாகத்தான் சொன்னேன்.

ஜனவரியில் பள்ளி ஆய்வாளர் அம்மா வந்தார், கூடவே மழையும் வந்தது. அண்ணாந்து பார்த்தார். எழுத்துப் பக்கம் கீழே. தலைக்கு மேல் முந்நூறு பெயர்கள். பக்கத்திலிருந்த சின்னவளிடம், “இது என்ன பாப்பா?” என்றார்.

“அது எங்கம்மா. மழைய நிறுத்தி வச்சிருக்காங்க.”

“அங்க சொட்டுதே?”

“அது பொன்சோ மாமா. அவரு எப்பவும் ஒழுகுவாரு.”

அந்தப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தது எந்தப் புத்தகத்தில்? கூரையில். முதலில் படித்த சொல் எது? பெற்றவள் பெயர். ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கூரை உண்டு, ஜூன் வரை செல்லும்” என்று எழுதிவிட்டுப் போனார்.

இது மே மாதம், பெரியோர்களே. இன்னும் மூன்று வாரம். எங்கள் உறுதியை மெச்சினீர்கள் மேயரம்மா, மேடை போட்டு மெச்சினீர்கள், மாலை போட்டு மெச்சினீர்கள். உறுதியாக இருக்கிறார்கள் என்பதற்காகவே ஓர் ஊரை நனையவிடலாமா? தாங்குகிறவர் தலையில்தான் எல்லாவற்றையும் ஏற்றுவதா? நாங்கள் தாங்குவோம் அம்மா. பிள்ளைகளுக்காகத் தாங்குவோம். ஆனால் கண்ணாடி விருதைக் கூரையில் வைக்க முடியாது, உடைந்துவிடும். தகரம் கொடுங்கள்.

என்ன அம்மா, எழுந்துவிட்டீர்களே. போகவா, பேசவா? எத்தனை என்கிறார். டீச்சர், எத்தனை? இருபத்திரண்டு. தருவதாகத் தலையசைக்கிறார். தலையசைப்பு ஒலிபெருக்கியில் கேட்காது அம்மா, இந்தாருங்கள், வாயால் சொல்லிவிடுங்கள்.

கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள். நானூறு பேர் சாட்சி. கைதட்டாதீர்கள், தகரம் வந்ததும் தட்டுவோம்.

சிறப்புரைக்காக எனக்கும் இன்று ஒரு சான்றிதழ் தந்திருக்கிறார்கள். லேமினேட் செய்தது. டீச்சர், இந்தாருங்கள், ஞாயிறு வரைக்கும் இதைப் பொன்சோவுக்கு மேல் போடுங்கள். பொறுமை காத்த உங்களுக்கும், சூடு காத்த பன்றிக்கும் நன்றி. வருகிறேன், வணக்கம்.