ஒன்பதடி வளைவு

சைரன் அலறியபோது நான் கடைத்தெரு முனையில் இருந்த தபால் பெட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி. பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பெயிண்ட் காய்ந்துவிட்டால் பிரஷ் பாழ்.

விசாரணைக்கென்று கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் சார், சொல்கிறேன். எதையும் மறைக்கப்போவதில்லை.

நகரம் எங்கள் ஊரை மூன்று பக்கமும் விழுங்கிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு பக்கம் வயல், நடுவில் பழைய கடைத்தெரு, தெரு வாசலில் ஒரு கல் வளைவு. இவற்றைக் காக்கும் குழுவுக்குப் பதினோரு வருடங்களாக நான் செயலாளர். எந்தக் கடைக்கு எவ்வளவு பெரிய போர்டு, என்ன வர்ணம், எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வயலோரத்து வண்டிப்பாதைக்குத் தார் போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். மண் பாதை மண்ணாக இருந்தால்தானே அது கிராமம்?

ஒருமுறை சிமெண்ட் லாரி ஒன்று வளைவில் உரசி ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் வளைவின் நடுவே, கழற்றி எடுக்கும்படி ஓர் இரும்புக் கம்பம் நட்டுப் பூட்டுப் போட்டோம். காலை ஆறிலிருந்து எட்டுவரை மட்டும் திறப்பேன். சிறிய சரக்கு வண்டிகள் வந்து போகும். பூட்டுக்கு ஒரே சாவி. அது என்னிடம்.

என் தங்கை வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. தெருவின் கோடியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். போன கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்:

"ஊருக்கே ஒத்தச் சாவியா மச்சான்? அவசரத்துக்கு இன்னொண்ணு வேணாமா? நீங்க ஊருக்குப் போயிட்டா நாங்க வளைவுல ஏறிக் குதிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி வந்தால் மூன்றாவது வரும். அப்புறம் பூட்டு எதற்கு?

அன்று தீப்பிடித்தது அவர் கடையில்தான். கீழே மரத்தூள், வார்னிஷ், தின்னர் டப்பாக்கள். மேலே ஓர் அறை. முதுகுவலி என்று சாப்பிட்டுவிட்டு அங்கே படுத்திருந்தார். ஏறி இறங்க இருந்தது மரப்படி. முதலில் எரிந்ததே அதுதான்.

நான் வளைவுக்குப் போனபோது தீயணைப்பு வண்டி கம்பத்துக்கு முன்னால் உறுமிக்கொண்டிருந்தது. தங்கை செருப்பில்லாமல் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, சாவியக் குடுண்ணா. அவரு மேலதான் இருக்காரு."

"வீட்டுல இருக்குதும்மா."

"ஓடுண்ணா. உன் கால்ல விழறேன், ஓடு."

தெருக்கோடியில் மாடி ஜன்னல் தெரிந்தது. கம்பிகளுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. ஏதோ துணியை ஆட்டியது. பக்கத்துக் கடைக்காரர்கள் வாளியில் தண்ணீர் வீசினார்கள்; மாடிவரை எட்டவில்லை.

வண்டியிலிருந்து ஒருவர் கடப்பாரையோடு இறங்கினார். பூட்டை ஓங்கி ஒரு போடு போட்டார். அவரை நான்தான் தடுத்தேன்.

"அது உடையாது தம்பி, நேரம்தான் வீணாகும். இங்கேருந்து குழாயும் எட்டாது. வயல் பக்கம் சுத்திப் போங்க, கடைக்குப் பின்னாலயே போய் நிக்கலாம்."

செயலாளர் சொல்கிறார் என்று நம்பினார்கள். வண்டி திரும்பியது. முந்தின நாள் நல்ல மழை. நான் வீட்டை நோக்கி நடந்தேன். ஓடினால் நெஞ்சு அடைக்கும். டாக்டர் ஓடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும் வழியில், வண்டி பாதிப் பாதையில் அச்சுவரை சேற்றில் புதைந்துவிட்டது என்று சொன்னார்கள். குழாயைத் தோளில் சுமந்துகொண்டு வீரர்கள் வயலில் ஓடினார்களாம்.

நான் வளைவுக்கு வந்தபோது ஜன்னலில் அந்தக் கை இல்லை.

சாவி வீட்டில் இல்லை. தபால் பெட்டி அருகே நின்றபோதும், தங்கை என் கையைப் பிடித்தபோதும் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. பதட்டத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. அவள் பேசும்போதே பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தங்கை இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. துக்கம் ஆறட்டும். குழுவின் சார்பில் மலர்வளையம் அனுப்பியிருக்கிறேன்.

நேற்று நீங்கள் டேப்போடு வந்து வளைவை அளந்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒன்பதடி இருக்கு சார். வண்டி எட்டடிதான். ரெண்டு பக்கமும் அரையடி மிச்சம், தாராளமா உள்ள போயிருக்கும். உங்களுக்கு இது தெரியாமப் போச்சே" என்றீர்கள்.

அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன்.

"போகும்னு எனக்குத் தெரியும் சார். ஆனா டிரைவர் கை லேசா ஆடிட்டா, அந்தக் கல்லை எனக்கு யாரு திருப்பித் தருவா?"