‘கல்லின் செவி’ திரைக்கு வந்த விதம்

எங்கள் பக்கத்தில் மனைவி தன் கணவனின் பெயரை வாயால் சொல்வதில்லை. இப்படியொரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எந்தத் தாயும் மகளை உட்காரவைத்து இதைக் கற்பித்ததாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. ஆயினும் குளத்தூரிலிருந்து கட்டுமாவடி வரை எல்லாப் பெண்களும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுத வந்த குமாஸ்தா எங்கள் தெருவில் ஓர் அம்மாளிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். “பழனி மலைமேல கோவணத்தோட நிக்கிறாருல்ல, அவரு பேருதாங்க” என்றார் அந்த அம்மாள். குமாஸ்தா பழனிச்சாமி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் கணவர் ஆண்டிச்சாமிக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. இதைச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்திருக்கிறோம்.

ஐயா, மனநோய் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைசாமியை விடுவிக்கக் கோரி அவர் மனைவி செங்கமலம் கொடுத்துள்ள மனுவின்மேல், எனக்குத் தெரிந்ததை எழுத்தில் தரும்படி கேட்டிருந்தீர்கள். என் பெயர் ரத்தினவேல். வயது இருபத்தொன்பது. புதுக்கோட்டையில் கல்லூரித் தமிழ் விரிவுரையாளன். நவீன இலக்கியத் திறனாய்வு என் துறை. ஒரு படைப்பில் எது எதைத் தாங்கி நிற்கிறது, எதை எடுத்தால் எது சரியும் என்று பார்ப்பது என் தொழில். நடந்ததையும் அந்த ஒழுங்கிலேயே எழுத முயல்கிறேன்.

குழந்தைசாமி குளத்தூர்ப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். ஏழு ஆண்டுகள் உழைத்து, எட்டு நீள நோட்டுகளில் ‘கல்லின் செவி’ என்ற விஞ்ஞான நாவலை எழுதினார். அதை முதலில் படித்தவன் நான். குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டைச் செதுக்கும் ஒரு சிற்பி. அந்தச் சுர வரிசையும் ஒரு விண்மீனிலிருந்து வரும் அதிர்வும் ஒரே கணக்கில் அமைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் இக்கால ஆசிரியர் ஒருவர். பூமியை விட்டுப் போய் வேறொரு கோளில் வாழும் வருங்கால மக்கள். இந்த மூன்று காலங்களிலும் ஒரே குரல் ‘நான்’ என்று பேசுகிறது. அந்த ‘நான்’ யார் என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. பாறையில் காதை வைத்துப் பதிலுக்குக் காத்திருக்கும் அது. பதில் வராது. அங்கே நாவல் முடிகிறது.

தமிழில் இப்படி ஒன்று வந்ததில்லை என்று கருதினேன். இன்றும் கருதுகிறேன். அதனால்தான் திருச்சியில் படமெடுத்துக்கொண்டிருந்த ரெங்கசாமியிடம் அதை நானே கொண்டுபோனேன்.

ரெங்கசாமி இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார். “தம்பி, கதை பிரமாதம். ஆனா மூணு காலம்னா ரெண்டாவது காலத்துல ஜனங்க முறுக்கு வாங்க எந்திரிச்சிருவாங்க. மூணாவதுக்குத் திரும்பி வரமாட்டாங்க. ஒரு காலம், ஒரு பொண்ணு, கடைசியில ஒரு பதிலு. அம்புட்டுத்தான். முடியுமா?”

முடியும் என்றேன். ஆறு வாரத்தில் திரைக்கதையை எழுதினேன். குற்ற உணர்வினால் என் உழைப்பை இழித்துப் பேசுவது நேர்மையாகாது என்பதால் இதையும் சொல்கிறேன்: அது நல்ல திரைக்கதை. சிற்பியின் இருநூறு பக்கத்தை எடுத்துவிட்டு, ஓர் உளியின் ஓசையை மட்டும் ஏழு இடங்களில் ஒலிக்கவைத்தேன். வேற்றுக் கோளுக்கு அட்டையில் அரங்கம் கட்ட வேண்டாம், மரமோ கோபுரமோ தெரியாதபடி குடுமியான்மலைப் பாறையையே உச்சி வெயிலில் தரையோடு தரையாகப் படம்பிடித்தால் அதுவே வேற்றுக் கோள் என்று எழுதினேன். பத்திரிகைகள் பின்னர் வியந்தது அந்தக் காட்சியைத்தான். யாரென்று தெரியாத ‘நான்’ இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தேன். முடிவில் பாறையிலிருந்து அவளுக்குப் பதில் வந்தது.

குழந்தைசாமி என் அறையிலேயே உட்கார்ந்து முழுவதையும் படித்தார். அடுக்கி என்னிடம் நீட்டினார்.

“வேணாங்க சார்.”

“எந்த இடம் பிடிக்கவில்லை?”

“எடம்னு இல்லீங்க. கையக் கால வெட்டியிருந்தா வலிக்குதுன்னு சொல்லலாம். நீங்க ஆளையே எடுத்துட்டு சட்டையத் தோய்ச்சுப் போட்டிருக்கீங்க. பதில் வரக்கூடாது சார். பதில் வந்துட்டா அப்புறம் எதுக்கு ஒருத்தன் காதைக் கொடுக்கணும்?”

ரெங்கசாமியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார். மூன்று முறை குளத்தூருக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் காபி கொடுத்தார், கோபப்படவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரை அந்த நாவல் எட்டு நோட்டுகளாகவே இருந்து செல்லரிக்கும் என்பது எனக்கு விளங்கியது. ஒரு கலைப்படைப்பு அதன் ஆசிரியனுக்கு மட்டுமே உரியதன்று என்று வகுப்பில் சொல்பவன் நான்.

அந்த நாட்களில் அவர் இறுதி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் பஸ்ஸில் குடுமியான்மலைக்குப் போய், நடுப்பகலில் பாறையில் காதை வைத்துப் படுத்திருப்பார். சூடு எப்படி ஏறுகிறது, காதுக்குள் என்ன கேட்கிறது என்று குறித்துக்கொள்வார். மாடு மேய்ப்பவர்கள், “வாத்தியாரே, கல்லு என்ன சொல்லுது? மழை உண்டாமா?” என்று கேட்பார்களாம். “மழை உண்டாம். ஒனக்குத்தான் பொண்ணு கெடைக்காதாம்” என்பாராம் அவர். பித்துப் பிடித்தவர் பேசும் பேச்சு அதுவன்று. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஆனால் பேச்சு ஊருக்குள் வேறு விதமாகப் பரவியது. ஒருநாள் செங்கமலம் கல்லூரிக்கே என்னைத் தேடி வந்துவிட்டார்.

“அவுக சரியா ஒறங்குறதில்லீங்க. சாப்புட்ட எலைய எடுக்காம அப்படியே ஒக்காந்து எழுதுறாக. ஊருல ஒரு மாதிரி பேசுறாங்க. நீங்க படிச்சவுக. நீங்க சொன்னா கேப்பாக.”

அவர் வேண்டியது ஒரு நல்ல வார்த்தை. நான் ஒரு வழியைச் சொன்னேன். நல்ல மருத்துவமனை ஒன்று இருக்கிறது, ஒரு மாதம் ஓய்வாக வைத்திருப்பார்கள், தூக்கம் திரும்பும், அதற்கு மனைவி ஒரு மனுவில் கையெழுத்திட வேண்டும் என்றேன். “ஒரு மாசந்தானுங்களே?” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆம் என்றேன்.

மனுவோடு சான்று வைக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த நோட்டுகளில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதில்தான் ‘நான்’ அதிகம். “நான் இறந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. கல்லுக்குள்ளிருந்து என்னை அழைக்கிறார்கள். உளி பிடித்த கை என்னுடையது.” இப்படி ஏழு பக்கங்களுக்குக் குறி வைத்தேன். நோட்டின் அட்டையில் ‘கல்லின் செவி, நாவல், மூன்றாம் பாகம்’ என்று பச்சை மையில் அவரே எழுதியிருந்தார். தைத்திருந்த நூலைப் பிரித்து அட்டையை மட்டும் கழற்றிவிட்டு, மீண்டும் தைத்தேன். உள்ளே ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.

ஐயா, கதைக்குள் ‘நான்’ என்று பேசுபவன் எழுதியவன் அல்லன். இதுதான் நான் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் முதல் பாடம். இதைக் குழப்பிக்கொண்டு எழுதிய மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

விசாரணை குளத்தூர் தாலுகா ஆபீஸில் ஒரு முற்பகலில் நடந்தது. உங்களுக்கு முன்பு இந்தப் பதவியில் இருந்த மாஜிஸ்டிரேட்டும் ஒரு டாக்டரும் வந்திருந்தார்கள். குழந்தைசாமியிடம் நான் வேறு விதமாகச் சொல்லியிருந்தேன்: படத் தணிக்கைக்கு முன்பாக மூலக் கதையைப் பற்றி அதிகாரிகள் கேட்க வந்திருக்கிறார்கள், உங்கள் வாதத்தை அவர்களிடமே சொல்லுங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டால் ரெங்கசாமியும் வழிக்கு வருவார் என்று. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மகிழ்ச்சியோடு வந்தார்.

“இது உங்க கையெழுத்தா?” என்றார் மாஜிஸ்டிரேட்.

“ஆமாங்க. மூணாவது நோட்டு. அட்டை எங்கங்க போச்சு?”

“கல்லுக்குள்ளேயிருந்து கூப்பிடறதா எழுதியிருக்கீங்களே?”

“கூப்புடுதுங்க. அதைத்தான் எடுக்கணுங்கிறாங்க. அதை எடுத்தா எல்லாம் போச்சு. அய்யா நீங்கதான் சொல்லணும்.”

“யார் எடுக்கணும்னு சொல்றாங்க?”

“ரத்தினவேல் சாரு, திருச்சியில இருக்கவுக, எல்லாரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டாங்க” என்று சொல்லிச் சிரித்தார். டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். “அதை எடுத்தா நான் செத்ததுக்குச் சமங்க. அது ஆயிரத்து முந்நூறு வருசமாப் பேசிக்கிட்டு இருக்கு. நடுவுல நிறுத்தலாங்களா?” பிறகு மேசைமேல் காதை வைத்து, சூடேறிய பாறையில் எப்படிக் கேட்கும் என்று அவர்களுக்குச் செய்து காட்டினார். நான் கேட்ட விளக்கங்களிலேயே மிகத் தெளிவானது அது.

கதவோரம் நின்ற செங்கமலம் அப்போது ஓரடி முன்னால் வந்தார். “சாமி, நான் ஒண்ணு சொல்லணுங்க” என்றார். அவர் முகம் மாறியிருந்தது. கணவர் இருக்கும் இடம் எது, பேசும் பேச்சு எது என்பது அவருக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

“சொல்லுங்கம்மா. பதிவு பண்ணணும். முதல்ல உங்க பேரு, உங்க வீட்டுக்காரர் பேரு. அப்புறம் விஷயம்.”

“செங்கமலங்க.”

“வீட்டுக்காரர் பேரு?”

அவர் நின்றுவிட்டார். குமாஸ்தா பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த இடத்தில் செய்வதையே அவரும் செய்தார்: அருகில் இருக்கும் தெரிந்த ஆணைப் பார்த்தார். அது நான்.

“குழந்தைசாமி” என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். அவருக்காகப் பேசத் தொடங்கியவன் என்பதால் எல்லோர் முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. தொடர்ந்தேன். “கணவர் உறங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, வெயிலில் பாறையில் படுத்துக்கிடக்கிறார் என்று இந்த அம்மாள் அஞ்சுகிறார்” என்றேன். மாஜிஸ்டிரேட் அவரைப் பார்த்து, “அப்படித்தானேம்மா?” என்றார். ஒவ்வொன்றும் உண்மை. அவர் தலையசைத்தார். சொல்ல வந்தது என்ன என்று யாரும் பிறகு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றே குழந்தைசாமியை மருத்துவமனைக்கு அனுப்ப உத்தரவாயிற்று. பட ஒப்பந்தத்துக்கு மனநிலை பிறழ்ந்தவரின் கையெழுத்து தேவையில்லை, மனைவியின் ஒப்பம் போதும் என்றார் ரெங்கசாமியின் வக்கீல். செங்கமலம் ஒப்பமிட்டார், கணவர் விரைவில் திரும்புவதற்கு வேண்டிய காகிதங்களில் அதுவும் ஒன்று என்று அவரிடம் சொல்லியிருந்தேன். “ஆஸ்பத்திரியில இருக்கவரு பேரை டைட்டில்ல போட்டா மொத நாளே சிரிப்பாங்க தம்பி. ஒம் பேரு போதும்” என்றார் ரெங்கசாமி. நான் மறுத்தேன். ஒருமுறை மறுத்தேன்.

ஒரு மாதம் இரண்டு ஆண்டுகள் ஆயிற்று. இடையில் ஒருமுறை மருத்துவமனைக்குப் போனேன். மின்சார சிகிச்சை பல தடவை தந்திருந்தார்கள். உடம்பு பருத்திருந்தது, நன்றாக உறங்குவதாகச் சொன்னார்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, அச்சடித்த திரைக்கதைப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். மெதுவாக, விரலை வரியில் வைத்துப் படித்தார். பாறையிலிருந்து பதில் வரும் இடத்தில் அவருக்குக் கண் கலங்கிற்று.

“நல்லா இருக்குங்க சார். யாரு எழுதுனது?”

நான் எழுதியது என்றேன்.

ஐயா, கேட்டது கேட்டபடி எழுதிவிட்டேன். குழந்தைசாமிக்கு எந்த நோயும் இருந்ததில்லை. அது தெரிந்தே, அவர் எழுதிய கதையை அவருக்கு எதிரான சாட்சியாக்கி, அவரை உள்ளே அனுப்பியவன் நான். அட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது, இத்துடன் இணைத்திருக்கிறேன். அவருக்கு நன்மை என்றும் ஓரளவு நம்பினேன் என்று முதல் படியில் எழுதியிருந்தேன். சரிபார்க்கும்போது அடித்துவிட்டேன்.

இந்த மனுவுக்கு மூன்று நாள் முன்பு நடந்ததையும் சேர்க்க வேண்டும். புதுக்கோட்டைத் தியேட்டரில் படத்தின் நூறாவது நாள் விழா, பகல் காட்சி முடிந்தவுடன் நடந்தது. ரெங்கசாமி எனக்கு மாலை போட்டு, “இந்தக் கதையை எழுதின நம்ம ஊருப் பிள்ளை” என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் ஓய்ந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அது இவரு எழுதுனது இல்ல.”

செங்கமலம் எழுந்து நின்றிருந்தார். அன்றுதான் படத்தை முதன்முறை பார்த்திருக்கிறார்.

“அப்ப யாரு எழுதுனதாம்?” என்றார் ஆண்கள் பெஞ்சிலிருந்து ஒருவர்.

“எங்க வீட்டுல அவுக எழுதுனது.”

“அவுகன்னா எவுக? பேரு ஊரு இல்லாத ஆளா?” கொட்டகை சிரித்தது.

அவர் மேடையைப் பார்த்தார். தாலுகா ஆபீஸில் பார்த்த அதே பார்வை. நான் மைக்குக்கு எதிரே நின்றேன். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பெயரை அவருக்காக ஆபீஸிலும் வக்கீலிடமும் மருத்துவமனை வாயிலிலும் சொல்லிவந்தவன் நான். இப்போது சொன்னால் பொது இடத்தில் அந்த அம்மாளுக்குத்தான் தலைகுனிவு, இதைப் பெரிதாக்காமல் விடுவதே அவருக்கு நான் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி அவர் முந்தானையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“குழந்தைசாமி” என்றார்.

சிரிப்பு நின்றது. யாரோ ஒரு பெண், “ஆத்தாடி” என்றாள். செங்கமலம் என்மேலிருந்து கண்ணை எடுத்து, ஆண்கள் பக்கம் நேராகத் திரும்பி, குளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“எம் புருசன் பேரு குழந்தைசாமி. கொளத்தூரு வாத்தியாரு குழந்தைசாமி. எழுதுனது குழந்தைசாமி.”