கப்பலுக்குப் போகிற ரயில்

நெடுநாள் விட்டுக் கப்பல் சுற்றுலா போகிறவர்கள் முதல் நாளே வயிறு முட்டச் சாப்பிட்டுவிடக் கூடாது. எட்டு வகைச் சாப்பாட்டை வரிசையாக வைத்திருப்பார்கள், கை சும்மா இருக்காது. ஆனால் கப்பலின் ஆட்டம் பழகுவதற்கு உடம்புக்கு ஒரு நாள் வேண்டும். முன்பு நான்கு தடவை போனவன்தான் நான். எட்டு வருட இடைவெளியில் இந்தச் சின்ன விஷயம்கூட மறந்துபோய், போன செப்டம்பரில் முதல் நாள் முழுக்கக் கேபினில் படுத்துக் கிடந்தேன்.

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதச் சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள், மேடம். எனக்கு இதுதான் தொடக்கம்.

என் பெயர் ரெங்கராஜ், வயது அறுபத்திரண்டு. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் முப்பது வருடம் பெயிண்ட் கடை வைத்திருந்தேன். மகள் பிரகதீஸ்வரிக்கு சிங்கப்பூரில் வேலை. 2014-ல் எங்களை அங்கே வரவழைத்து, பினாங்கு போய்வரும் கப்பலில் ஏற்றிவிட்டாள். கப்பல் என்றால் உப்புக் காற்றும் வாந்தியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காலையில் டெக்கில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் தண்ணீர். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஐம்பது வயதில் முதல்முறையாக என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. என் மனைவி மணிமேகலைக்கும் பிடித்துப்போனது. பிறகு வருடத்துக்கு ஒரு தடவை என்று 2017 வரை போனோம். அதற்காகவே மற்ற பதினோரு மாதங்களும் கடையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

2018-ல் எங்கள் ஆத்தா இறந்தார்கள். அதோடு அது நின்றது.

ஆத்தா கந்தர்வக்கோட்டையில் இருந்தார்கள். அவர்களோடு என் தங்கை சந்தனம். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஆள்தான் வளர்ந்திருந்தாளே தவிர, ஆறு வயதுப் பிள்ளையின் புத்தி. பிறக்கும்போதே அப்படி. பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேறு யாரும் இல்லை. காரில் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்தோம். வழி நெடுக முந்திரிக் காட்டைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தாள்.

அவள் கெட்டவள் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். யாரையும் அடிக்க மாட்டாள். சொன்ன இடத்தில் உட்காருவாள். துணி மடிக்கச் சொன்னால் ஒரே துண்டை ஒரு மணி நேரம் மடிப்பாள். ஆனால் நாம் எழுந்தால் எழுவாள், வாசலுக்குப் போனால் பின்னாலேயே வருவாள். "எங்கண்ணே போற? எப்பண்ணே வருவ?" இந்த இரண்டு கேள்விதான். பதில் சொன்னாலும் திரும்பக் கேட்பாள். ஏழு வருடம் கேட்டாள். திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவில் வாணவெடிச் சத்தத்துக்குப் பயந்து நடுத்தெருவில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். நானும் மணிமேகலையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. அதன்பின் கல்யாணம், காட்சி என்று எங்குமே இரண்டு பேராகப் போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருப்போம்.

மணிமேகலை அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். தலை சீவி, சோறு ஊட்டி, ஊர்ப்பெயர் சொல்லப் பழக்கினாள். "எந்த ஊரு நீ?" என்று கேட்டால் "புதுக்கோட்ட" என்று சொல்ல வைக்க இரண்டு வருடம் ஆயிற்று. சொல்லிவிட்டுத் தானே கைதட்டிக்கொள்வாள். அந்தப் பாடமெல்லாம் எதற்கு என்று அப்போதே கேட்டேன்.

போன ஜூனில் பிரகதீஸ்வரி போன் செய்து, "அப்பா, இப்ப சென்னையிலேருந்தே கப்பல் போகுதாம். இலங்கைக்கு. அஞ்சு நாளுதான், சிங்கப்பூருக்கு வரவே வேணாம்" என்றாள். படங்கள் அனுப்பினாள். டெக், நாற்காலி, தண்ணீர். அன்று முழுக்க அவற்றையே திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். எட்டு வருடம் அந்த நாற்காலியை நினைக்காமலே இருந்துவிட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மணிமேகலை உடனே, "சந்தனத்தையும் கூட்டிட்டுப் போவோமுங்க. அதுவும் பாக்கட்டும்" என்றாள்.

"கப்பல்ல சங்கு ஊதுவான். அன்னிக்கு மாதிரி உக்காந்து கத்துனா யாரு தூக்குறது?" என்றேன்.

திருச்சிப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு காப்பகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்தேன். இதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். நல்ல இடம், சுத்தமாக இருந்தது. பத்து நாள் விடலாம், பத்தாம் நாள் கட்டாயம் வந்து கூட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே 'திரும்ப அழைத்துச் செல்லும் நாள்' என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில், இடம் பேசி முடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

மணிமேகலை இரண்டு நாள் உட்கார்ந்து சந்தனத்துக்குப் பை தயார் செய்தாள். நான்கு நைட்டி, ஒரு போர்வை, அவள் மட்டுமே குடிக்கிற எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொரு நைட்டியின் உள்பக்கமும் எங்கள் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்தாள். தைக்கும்போது, "மதினி கப்பல்ல போயிட்டு வாரேன், அஞ்சு நாளு சமத்தா இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து சந்தனத்துக்கு மூன்றாவதாக ஒரு பேச்சு வந்துவிட்டது. "நானும் கப்பலு."

கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கொடுத்தேன். "நானும் கப்பலா அண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கீரனூர் வருவதற்குள் இருபது தடவை கேட்டாள். இருபது தடவையும் ஆமாம் என்றேன். ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

திருச்சியில் இறங்கி, ஒரு துணிக்கடைக்குப் போய்ப் புது நைட்டி மூன்று, புதுப் பை ஒன்று வாங்கினேன். கடையில் இருந்த பெண் அவளுக்கு மாற்றிவிட்டாள். பச்சையில் பூப்போட்டது, சந்தனமே கைவைத்துக் காட்டியது. பழைய துணிகளையும் டம்ளரையும் பழைய பையோடு ஜங்ஷனுக்கு வெளியே ஒரு குப்பைத்தொட்டியில் போட்டேன். எல்லாமே புதிதாகத்தான் கொடுத்தனுப்பினேன் என்பதைச் சொல்ல வருகிறேன்.

மதியம் கிளம்பும் ஹவுரா ரயிலுக்கு முன்பதிவில்லாத டிக்கெட் ஒன்று எடுத்தேன். நீங்கள் நேற்று, "ஏன் ஹவுரா?" என்று கேட்டீர்கள். சென்னையில் விட்டிருந்தால் ஒரே நாளில் யாராவது பேசிப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பாஷை தெரியாத ஊரில் அந்தத் தொந்தரவு இருக்காது. அவ்வளவுதான் காரணம்.

பொதுப்பெட்டியில், ஊருக்குத் திரும்பும் வடநாட்டுத் தொழிலாளிகள் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். கைகாட்டியதும் நகர்ந்து ஜன்னலோரம் இடம் விட்டார்கள். புளியோதரைப் பொட்டலமும் நான்கு வாழைப்பழமும் மடியில் வைத்தேன்.

"கப்பலு எங்கண்ணே?"

"இதுல போனா வரும்."

"மதினி?"

"மதினி முன்னாடியே போயிருச்சு. அங்கிட்டு நிக்கும். நீ எந்திரிக்காம உக்காந்திரு, நான் தண்ணி வாங்கிட்டு வாரேன்."

"சரிண்ணே. வெரசா வா."

இறங்கி டீக்கடைக்குப் பின்னால் நின்றேன். ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. பிளாட்பாரத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். அவள் அழுதிருந்தால் நான் ஏறியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

கப்பல் நன்றாக இருந்தது. முதல் நாள் வயிற்றுத் தொந்தரவு என்று சொன்னேனே, மறுநாள் சரியாகிவிட்டது. சிங்கப்பூர்க் கப்பல்கள் அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் டெக்கில் தமிழ்ச் சத்தம் கேட்டது, இட்லி கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மணிமேகலை மட்டும் அடிக்கடி, "ஒரு போன் போட்டுப் பாருங்களேன், சாப்பிட்டாளான்னு" என்றாள். நடுக்கடலில் சிக்னல் இல்லை என்றேன். அது உண்மை. திருகோணமலையில் இறங்கியபோது சிக்னல் இருந்தது. அங்கே நான் தள்ளிப்போய் நின்று போனைக் காதில் வைத்துவிட்டு வந்து, "நல்லா இருக்காளாம், ரெண்டு இட்லி கூடுதலா கேக்குறாளாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. மீதி இரண்டு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கும் அந்த ஓய்வு தேவைப்பட்டது.

திரும்பியதும் நான் மட்டும் திருச்சிக்குப் போனேன். வந்து, காப்பகத்திலிருந்து கூட்டிவரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் நான் கழிப்பறை போன நேரத்தில் சந்தனம் எங்கோ போய்விட்டாள் என்று சொன்னேன். மணிமேகலை தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. திருச்சியில் புகார் கொடுத்தேன். இங்கேயும் ஒரு நகல் கொடுக்கச் சொல்லி அவள்தான் என்னை இழுத்து வந்தாள். நீங்கள்தான் வாங்கிக்கொண்டீர்கள். கதவு நிலைக்கு மேலே 'அன்புமொழி, உதவி ஆய்வாளர்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, நல்ல பெயர் என்று நினைத்தேன்.

பிறகு மணிமேகலை நோட்டீஸ் அடித்தாள். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வரை பஸ் பஸ்ஸாக ஏறி ஒட்டினாள். பசை வாளியை நான் பிடித்துக்கொண்டு போனேன். திங்கட்கிழமை தவறாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

நவம்பர் முதல் வாரம் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். ஒடிசாவில் ஒரு ரயில் நிலையத்தில் ஒரு பெண் கிடைத்திருக்கிறாள், ஒரு விடுதியில் வைத்திருக்கிறார்கள், பேச்சு புரியவில்லை, 'புதுக்கோட்ட' என்று மட்டும் சொல்லிக் கைதட்டுகிறாள் என்றீர்கள். உங்கள் போனில் படத்தைக் காட்டினீர்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது இல்லைங்க மேடம்" என்றேன். நீங்கள் நம்பினீர்கள். கூடப்பிறந்த அண்ணன் சொன்னால் யாரும் நம்புவார்கள். அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

போன திங்கட்கிழமை நீங்கள் வேறு எதற்கோ போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்திருந்த மணிமேகலை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். "இது எங்க சந்தனமுங்க" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாளாம். நீங்கள் உடனே ஒடிசாவுக்குப் பேசினீர்கள். காய்ச்சலில் பதினோரு நாளைக்கு முன் இறந்துவிட்டாள், அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

மணிமேகலை வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. எல்லாவற்றையும் என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைசியாக, "ரயிலு கெளம்புறப்ப அழுதாளா?" என்றாள். இல்லை என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"அழலன்னா, நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சிருக்கா" என்றாள். ஆவுடையார்கோவிலில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுப்பதில்லை.

இன்று காலை நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "அந்தப் போட்டோவப் பாத்தப்ப ஒங்களுக்கு நெசமாவே அடையாளம் தெரியலையா?"

தெரிந்தது. பார்த்தவுடனே தெரிந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனாலும் அது சந்தனம்தான். அந்தப் பச்சைப் பூப்போட்ட நைட்டியைத்தான் போட்டிருந்தாள். போட்டோ எடுக்கிறவரைப் பார்த்துக் கையசைத்தாள் போலிருக்கிறது, கை மட்டும் கலங்கலாக விழுந்திருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் மறுநாளே போய்க் கூட்டி வந்திருக்க வேண்டும். அப்படி இளைத்த நிலையில் மணிமேகலை அவளைப் பார்த்தால் தாங்கியிருக்க மாட்டாள். கொஞ்சம் உடம்பு தேறட்டும், நானே போய்ச் சத்தமில்லாமல் அழைத்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம். இத்தனை அலைச்சலில் மணிமேகலையும் நொந்துபோயிருந்தாள், ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று ஜனவரியில் இன்னொரு கப்பலுக்கு அவளுக்குத் தெரியாமல் டிக்கெட் போட்டிருந்தேன். அதனால்தான் சந்தனத்தை பிப்ரவரியில் போய்க் கூட்டி வருவதாக வைத்திருந்தேன்.